கடுகளவு திருகு

தான் கெடுத்த பொருளைத் தானே பழுதுபார்த்துக் கொடுக்கிறவனை என்னவென்று சொல்வது? நல்லவன் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. கெட்டவன் என்றால், அவன் கைபட்டு மறுபடி ஓடுகிற பொருள் கண்ணெதிரே இருக்கிறது. அழகிரியின் வாழ்க்கையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். ஆனால் யாரும் அவ்வளவு கிட்டத்தில் போகவில்லை. அவனும் யாரையும் விடவில்லை.

ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் பாத்திரக்கடைக்கும் பூஜைச் சாமான் கடைக்கும் நடுவே ஒரு குறுகலான மாடிப்படி இருக்கிறது. ஏறினால் அழகிரியின் கடை. பழைய வீடியோ கேம் பெட்டிகளை ரிப்பேர் செய்வான். வைகுண்ட ஏகாதசிக்கு ஊருக்கு வருகிறவர்கள், சின்ன வயதில் ஆடியது பரணில் கிடந்ததென்று தூசி தட்டி எடுத்து வருவார்கள். மற்ற மாதங்களில் செல்போன், ரிமோட், எமர்ஜென்ஸி லைட். வயது ஐம்பதை நெருங்குகிறது. கெட்டிக்காரன் என்று சொல்லிவிட முடியாது. பொறுமை உண்டு, கை நடுங்காது. இந்த வேலைக்கு அது போதும்.

முன்பு அவன் புத்தூர் நால் ரோட்டுப் பக்கம் கேம் சென்டர் வைத்திருந்தான். நாலு டிவி, நாலு பிஎஸ் டூ கேம் பெட்டி, சில பிளாஸ்டிக் நாற்காலிகள். காஜா மைதீன் கூட்டாளி. ஒரிஜினல் டிஸ்க் வாங்கி அந்தத் தொழிலை நடத்தினால் கட்டுப்படியாகாது. காஜா எங்கிருந்தாவது ஒரு டிஸ்க்கைக் கொண்டுவருவான். அழகிரி அதைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காப்பி எடுப்பான். எழுதுவதற்கு டிவிடியைவிட சிடி மலிவு. சிடியில் அடங்காத ஆட்டமாக இருந்தால் எதையாவது வெட்டி எறிவான். பாட்டை, முன்னால் வரும் படத்தை, கமெண்டரியை. ஆட்டம் மட்டும் மிஞ்சும். பெட்டியோடு சேர்த்து டிஸ்க்கையும் வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் இருந்தார்கள்.

காப்பி டிஸ்க், ஒரிஜினலைப் போல ஒளியைப் பளிச்சென்று திருப்பி அனுப்பாது. பெட்டிக்குள் இருக்கும் லென்ஸ் தட்டுத் தடுமாறிப் படிக்கும். கொஞ்ச நாளில் படிக்கமாட்டேன் என்று நின்றுவிடும். அதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. லென்ஸின் பக்கவாட்டில் கடுகளவு ஒரு திருகு. மெல்லிய ஸ்க்ரூடிரைவரை வைத்து மயிரிழை திருப்பினால் லேசருக்கு வலு கூடிவிடும். கீறல் விழுந்தது, அழுக்கேறியது, மட்டமான காப்பி, எதைப் போட்டாலும் மடமடவென்று படிக்கும். வாங்க வந்தவர் வாயெல்லாம் பல்லாகப் போவார். அந்த வலு லென்ஸின் ஆயுளிலிருந்து எடுத்தது என்பது அவருக்குத் தெரியாது. திரியைத் தூண்டிவிட்ட விளக்கு மாதிரி, எண்ணெய் சீக்கிரம் தீரும்.

எல்லா மெக்கானிக்கும் செய்ததுதான். அழகிரி கொஞ்சம் சுத்தமாகச் செய்தான். திருப்பிய திருகு அசையாமல் இருக்க, மனைவி ரஞ்சனியின் மெரூன் நெயில் பாலிஷில் ஒரு சொட்டை அதன் மேல் வைப்பான். இது சீக்கிரம் போய்விடும் என்று எவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யார் வாங்குவார்கள்?

போலீஸ் காப்பி டிஸ்க் கடைகளைத் தேடுகிறது என்று பேச்சு அடிபட்ட ஒரு மத்தியானம், இரண்டு பேரும் இருந்த டிஸ்க்கையெல்லாம் சாக்கில் கட்டி உய்யக்கொண்டான் வாய்க்காலில் போட்டார்கள். சென்டர் அதோடு முடிந்தது. செத்த லென்ஸ்கள் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கின. ஸ்ரீரங்கத்துக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாக மூடியைத் திறப்பான். உள்ளே மெரூன் சொட்டு இருக்கும். ஒன்றும் பேசாமல் லென்ஸை மாற்றிக் கொடுப்பான். கூலியும் வாங்கிக்கொள்வான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆடிக் காற்று படிக்கட்டு வழியாகத் தூசியை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகாலட்சுமி வந்தாள். வயர் கூடையில், ஈரிழைத் துண்டு சுற்றிய ஒரு பெட்டி. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறவள். கணவர் ரெங்கராஜ் அங்கே வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால், கருணை அடிப்படையில் அவளுக்குக் கிடைத்த வேலை.

“தம்பி, இது கெட்டுப்போகல. ஓடுது” என்றாள்.

“ஓடுதுன்னா எதுக்குக்கா தூக்கிட்டு வந்தீங்க?”

“முன்னெல்லாம் டிஸ்க்கப் போட்டா, பால அடுப்புல வெச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள படம் வந்துரும். இப்ப சோறு வடிச்சு முடிச்சாலும் வரல. உள்ள டிக்கு டிக்குன்னு எதையோ தேடுது. எம் பையன் பக்கத்துல உக்காந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருக்கான்.”

பையன் என்றது சிவசங்கரை. முப்பதை எட்டப்போகிறவன். பிறந்ததிலிருந்து பேச்சு வரவில்லை. தினமும் காலையில் பணிமனைச் சங்கு ஊதி அவள் வேலைக்குக் கிளம்பும்போது பெட்டி முன்னால் உட்காருவான். சாயங்காலம் அவள் திரும்பி வரும்வரை எழுந்திருக்கமாட்டான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெலிண்டா அவ்வப்போது வந்து எட்டிப்பார்த்துச் சோறு வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் பெட்டியைத் தொடுவதில்லை.

“ஒரே ஆட்டந்தான் தம்பி. வேற எதுவும் வேணாம் அவனுக்கு.”

அழகிரி மூடியைக் கழற்றினான். லென்ஸின் பக்கத்தில் மெரூன் சொட்டு, வெளுத்து, ஓரம் பெயர்ந்து இருந்தது.

“எங்க வாங்கினதுக்கா?”

“புத்தூர்ல. அவரு இருந்தப்ப வாங்கியாந்தாரு. கடைக்காரன் தங்கமான பையன், காப்பி டிஸ்க்கும் படிக்கிற மாதிரி செஞ்சு குடுத்தான்னு வாய் ஓயாம சொல்லுவாரு.”

அழகிரி இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டான். குனிந்து செய்கிற வேலைதான். அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

இந்த லென்ஸ் எப்போதோ செத்திருக்க வேண்டும். ஏன் சாகவில்லை என்று அவனுக்குப் புரியவில்லை. டிஸ்க்கை எடுத்துப் பார்த்தான். ‘கிரிக்கெட்’ என்று மார்க்கர் பேனாவில் அவனுடைய கையெழுத்தே. டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்ததும் வெள்ளிப் பூச்சில் ஊசி குத்தியதுபோல் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. ஓரம் டீக்கறை நிறத்துக்கு மாறியிருந்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். டிரைவ் முனகியது, பிறகு உள்ளே டிஸ்க்கே இல்லை என்று காட்டியது. இன்னொரு டிரைவும் அதையே சொன்னது. இந்த டிஸ்க்கை இனிப் படிக்கக்கூடியது, அளவுக்கு மீறி வலுவேற்றிய இந்த ஒரு கிழட்டு லென்ஸ்தான்.

“புது லென்ஸ் போடலாம்க்கா. ஆனா புது லென்ஸ் இந்த டிஸ்க்கப் படிக்காது.”

“அப்ப பழசே இருக்கட்டும்.”

“பழசு போயிரும்.”

“எப்ப?”

மகாலட்சுமி சேலைத் தலைப்பை விலக்கி முன்கையைக் காட்டினாள். பல் பதிந்து ஆறிய தழும்பு, பிறை மாதிரி.

“அவரு செத்த வருஷம் வயர் பிஞ்சு போச்சு. வேற வயர் வாங்கிட்டு வர்றதுக்குள்ள நடந்தது இது. செவுத்துல மண்டைய மோதிக்கிட்டான். அப்ப அவன் பொடியன், நான் இழுத்துப் புடிச்சுட்டேன். இப்ப என்னை மாதிரி ரெண்டாளு இருக்கான். எங்க அண்ணன் ஹோம்ல விட்ருங்கிறாரு. அங்க கட்டிப்போடுவாங்களாம் தம்பி. இது ஓடுற வரைக்குந்தான் நான் வேலைக்குப் போக முடியும். அவனும் வீட்ல இருக்க முடியும்.”

அழகிரி லென்ஸைத் துடைத்தான். துடைத்தது போதவில்லை. மெல்லிய ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தன் பழைய சொட்டின் மேலேயே வைத்தான். மயிரிழை திருப்பினான். படம் வந்தது.

“கைராசி தம்பி உங்களுக்கு” என்றாள் அவள்.

மறுநாள் அவன் கடையைத் திறக்காமல், பெட்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் பொன்மலைக்குப் போனான். குவார்ட்டர்ஸ் வாசலில் பெலிண்டா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“மெக்கானிக் அண்ணனா? உள்ள போங்க. சத்தம் மட்டும் போடாதீங்க. டெஸ்ட் மேட்ச் நடக்குது.” சிரித்தாள். “இவன் ஆடுறதப் பாத்தா கொசுவுக்குக்கூடத் தூக்கம் வந்துரும். ஒரு ரன் எடுக்கமாட்டான். அவுட்டும் ஆகமாட்டான். வந்த பந்தைக் கட்டையப் போட்டு நிறுத்துவான், அவ்வளவுதான்.”

சிவசங்கர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். திரையில் பந்து வந்தது. மட்டை முன்னே நீண்டது. டக். அடுத்த பந்து. டக். கமெண்டரி இல்லை, கூட்டத்தின் இரைச்சல் இல்லை. சிடியில் அடக்குவதற்காக ஒரு பிற்பகல் அழகிரி வெட்டி எறிந்த சத்தங்கள் அவை. எஞ்சியது அந்த டக் மட்டும். சிவசங்கரின் மூச்சு அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

உணவு இடைவேளை முடிந்து முதல் பந்து. பவுலர் ஓடிவந்து பாதியில் அப்படியே நின்றான். படம் உறைந்துவிட்டது. பெட்டிக்குள் டிக், டிக் என்று லென்ஸ் தேடியது. அழகிரி பதறி எழப்போனான். சிவசங்கரோ கையிலிருந்த கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். உடம்பு மெல்ல முன்னும் பின்னும் ஆடியது. வெகுநேரம் போனதுபோல் இருந்தது. பிறகு பவுலர் அசைந்தான். சத்தம் மாறியதும் சிவசங்கர் கண்ணைத் திறந்து, கையிலெடுத்து, பந்தைத் தடுத்தான். சிரித்தான்.

“இந்த ஒரு பந்துக்கு மட்டுந்தான் சிரிப்பான்” என்றாள் வாசலிலிருந்து பெலிண்டா. “தெனமும்.”

டிஸ்க்கில் அந்த இடம் புண்ணாகிவிட்டது என்று அழகிரி மனதில் குறித்துக்கொண்டான். மெக்கானிக்குக் கோளாறு என்றால் கோளாறுதான். சரிசெய்யவேண்டியது என்பதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. அவன் செய்த தவறுகளில் இதுதான் ஆகப்பெரியது என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் தெரிந்தே செய்தவை.

காஜா மைதீன் இப்போது சிங்காரத்தோப்பில் செல்போன் கவர் விற்கிறான். அழகிரி விஷயத்தைச் சொன்னதும் கடை அதிரச் சிரித்தான்.

“மாப்ள, இப்ப வந்து ஒரிஜினல் கேக்குறியா? அன்னைக்கே கேட்டிருந்தா ரெண்டு பேரும் யோக்கியனா வாழ்ந்திருக்கலாமேடா.”

“கிண்டல் பண்ணாத பாய். நம்ம காப்பி ஏதாவது எங்கயாவது மிச்சமிருக்குமா?”

“வாய்க்கால்ல போய்க் கேளு. மீனெல்லாம் மேட்ச் ஆடிக்கிட்டிருக்கும்.” பிறகு முகம் மாறியது. “ஏன்டா, அந்தாளுக்கு நாமதான் வித்தோமா? அந்தம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லிராத. அல்லா காப்பாத்துவான்.”

பழைய டிஸ்க்குகளைச் சேர்த்துவைக்கிற ஒருவரைக் கோயம்புத்தூரில் காஜாவே தேடிப் பிடித்தான். ஒரிஜினல் பார்சலில் வந்தது. அழகிரி அன்று செய்ததை மறுபடி செய்தான். கமெண்டரியை வெட்டினான், கூட்டத்தை வெட்டினான். அன்று அவசரத்தில் செய்ததை இப்போது நிதானமாக, நல்ல சிடியில், மெதுவான வேகத்தில் எழுதினான். அதே மாதிரிக் கறுப்புப் பெட்டி ஒன்றைத் தேடி வாங்கி, லென்ஸைப் புதிதாக மாற்றினான். அதன் திருகைத் தொடவில்லை. டிஸ்க் தண்ணீர் மாதிரி ஓடியது. தன் வேலையில் அவனுக்கு எப்போதாவது திருப்தி வந்திருக்குமானால் அன்றுதான் வந்தது.

மகாலட்சுமி லீவு போட்டிருந்தாள். காலையில் புதுப் பெட்டியை வைத்தார்கள். சங்கு ஊதியது. சிவசங்கர் வந்து உட்கார்ந்தான். பெட்டியைத் தடவிப் பார்த்தான். டிஸ்க்கை முகர்ந்தான். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். படம் உடனே வந்தது. டக். அடுத்த பந்து, டக்.

“ஏத்துக்கிட்டான் தம்பி” என்று கிசுகிசுத்தாள் மகாலட்சுமி. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே காப்பி போடப் போனாள்.

உணவு இடைவேளை வந்தது, முடிந்தது. பவுலர் ஓடிவரத் தொடங்கினான். சிவசங்கர் கையிலிருந்ததை மடியில் வைத்தான், கண்ணை மூடினான், உடம்பை ஆட்டத் தொடங்கினான். அழகிரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் பவுலர் நிற்காமல் ஓடிவந்து பந்தை வீசிவிட்டான். திரையில் ஸ்டம்புகள் சிதறின.

சிவசங்கர் கண்ணைத் திறந்தான். அவுட் என்ற சொல்லை அவன் அந்தத் திரையில் பார்த்ததே இல்லை.

முதல் மோதல் சுவரில் விழுந்தபோது கேட்ட சத்தமும் டக் என்றுதான் இருந்தது. மகாலட்சுமி ஓடிவந்து சுவருக்கும் அவன் தலைக்கும் நடுவே தன் கையை வைத்தாள். அடுத்தடுத்து விழுந்த மோதல்களை அந்தக் கைதான் வாங்கிக்கொண்டது. அழகிரி அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தான். தோளால் ஒரு தள்ளு. அழகிரி பீரோவில் போய் மோதினான். பெலிண்டா ஓடிவந்தாள். “பழசை மாட்டுங்கண்ணே, பழசை மாட்டுங்க!” என்று கத்தினாள்.

பழைய பெட்டியை மாட்டினான். பழைய டிஸ்க்கைப் போட்டான். டிக், டிக், டிக். படம் வரவில்லை. பின்னால் சுவரில் மோதும் சத்தம். உள்ளே லென்ஸ் தேடும் சத்தம். ப்ளக்கைப் பிடுங்கினான், மூடியைத் திறந்தான், சொட்டைத் தேடினான், திருப்பினான். இந்தமுறை மயிரிழையைவிடக் கொஞ்சம் அதிகம். ப்ளக்கை மாட்டினான். படம் வந்தது.

நெற்றியில் ரத்தம் வழிய சிவசங்கர் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தான். இடைவேளை முடிந்த முதல் பந்தில் பவுலர் பாதியில் நின்றதும் கண்ணை மூடிக்கொண்டான். பவுலர் அசைந்ததும் சிரித்தான்.

மகாலட்சுமியின் மணிக்கட்டு வீங்கிப் பளபளத்தது. பெலிண்டா ஐஸைத் துணியில் கட்டி ஒத்திக்கொண்டிருந்தாள். புது டிஸ்க்கில் அதே இடத்தில் ஒரு கீறல் போட்டால் என்ன என்று அழகிரி யோசித்தான். கீறல் போடலாம். ஆனால் படம் நின்று மறுபடி எழுந்திருக்குமா, ஒரேயடியாக நின்றுபோகுமா, அது அவன் கையில் இல்லை. பிழையை அளந்து செய்ய அவன் கற்றிருக்கவில்லை.

“இன்னும் எவ்வளவு நாளு வரும் தம்பி?” என்றாள் அவள். குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அழகிரி அன்று சாயங்காலம்வரை அங்கேயே இருந்தான். ஆட்டம் முடிந்து சிவசங்கர் எழுந்துபோன பிறகு, பெட்டியின் மூடியைத் திறந்து அவளைப் பக்கத்தில் கூப்பிட்டான். இத்தனை வருஷமாக எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லாததைச் சொன்னான்.

“இந்தத் திருகு தெரியுதாக்கா? இதை இந்தப் பக்கம் திருப்பினா படிக்கும். ஒவ்வொரு தடவ திருப்புறப்பவும் லென்ஸோட ஆயுசு கொறையும். இன்னும் கொஞ்சந்தான் எடமிருக்கு. அதுக்கு மேல போனா அந்த நிமிசமே கருகிரும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

அவள் குனிந்து பார்த்தாள். “இது என்ன, செவப்பா?”

“நெயில் பாலிஷ். திருகு அசையாம இருக்க வைக்கிறது.”

“யாரு வெச்சது?”

“வித்த கடைக்காரன்.”

மகாலட்சுமி அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். “தங்கமான பையன்னாரு அவரு” என்றாள்.

அழகிரி புதுப் பெட்டியையும் புது டிஸ்க்கையும் அந்த ஈரிழைத் துண்டில் சுற்றி பீரோவின் மேல் வைத்தான். பழைய பெட்டியின் மூடியைத் திருகுகள் போடாமல் சும்மா பொருத்தினான். தூக்கினால் கையோடு வரும். “ப்ளக்கப் புடுங்கிட்டுத்தான் தெறக்கணும். ஓடுறப்ப லென்ஸக் கண்ணால பாக்கக்கூடாது” என்றான். சட்டைப்பையிலிருந்து அந்த மெல்லிய ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். வீங்காத கையில் அதைக் கொடுத்தான். அவள் விரல்களை மடக்கி வாங்கிக்கொண்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப்போனான்.

விஷயம் தெரிந்து கடைக்கு வந்த காஜாவுக்குத்தான் ஆறவில்லை. “திருப்புறதுன்னா நீயே போய்த் திருப்பிட்டு வந்திருக்கணும். இல்ல, நாந்தான் அந்தக் கடைக்காரன்னு சொல்லி, கால்ல விழுந்து, புதுசை வெச்சுப் பழக்குங்கன்னு கூடவே ஒக்காந்திருக்கணும். ரெண்டுமில்லாம அந்தம்மா கையில ஸ்க்ரூடிரைவரக் குடுத்துட்டு வந்திருக்க. என்னைக்கு நிறுத்துறதுன்னு அந்தம்மாவே முடிவு பண்ணணுமா? இது நியாயமாடா? நீ தப்பிச்சுக்கிட்டியா, மாட்டிக்கிட்டியா?”

அழகிரி கையிலிருந்த ரிமோட்டை மூடி, பேட்டரி போட்டு, சுவரைப் பார்த்து அமுக்கிச் சோதித்துக்கொண்டிருந்தான்.

கடை இன்னும் அங்கேதான் இருக்கிறது. செல்போன், ரிமோட், எமர்ஜென்ஸி லைட் எல்லாம் செய்கிறான். பழைய கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாராவது படியேறி வந்தால், அதற்கான ஸ்க்ரூடிரைவர் தன்னிடம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறான். தெருவில் இறங்கினால் நாலு கடையில் கிடைக்கும். வாங்கவில்லை.